750-க்கும் 40,000-க்கும் நடுவே ஒரு மருத்துவர்

2009-இன் முதல் ஐந்து மாதங்களில் இலங்கையின் வன்னிப் போர்முனைக்குள் கடைசி வரை நின்ற அரசு மருத்துவர்கள் என்று உலகம் பெயர் தெரிந்துகொண்டவர்கள் 5 பேர்: து. வரதராஜா, த. சத்தியமூர்த்தி, வீ. சண்முகராஜா, இ. பல்லவன், சிவபாலன். அந்தப் பகுதியிலிருந்து உயிரோடு வெளியேறி முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 2,90,000 பேர். வகுத்தால் மருத்துவர் ஒருவருக்கு 58,000 பேர். ஒப்பிட்டுப் பார்க்க: திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள்; மக்கள்தொகை 50,000-ஐ ஒட்டியது. ஜமுனாமரத்தூர் தொடங்கி மலையின் கடைசிக் குக்கிராமம் வரை ஒரே ஒரு மருத்துவர் என்று வைத்துக்கொண்டாலும் வன்னியின் விகிதத்தைவிட அது மேலானது. இது சராசரி. இறந்தவர்கள் இந்த வகுத்தலில் சேரவில்லை.

மலைப் பகுதிக்கென்று இந்தியாவில் தனி விதி உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையத்துக்கு இந்த எண்கள் 5,000, 3,000. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் சுமார் 40 கி.மீ.; அங்கிருந்து திருவண்ணாமலை இன்னும் 35 கி.மீ. மலைச்சாலையில் ஆம்புலன்ஸ் மணிக்கு 25 கி.மீ. போனால் போளூருக்கே 1 மணி 36 நிமிடம். பாம்புக்கடியோ பிரசவச் சிக்கலோ இந்த 96 நிமிடத்துக்குள் தீர்மானமாகிவிடலாம். தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அதே மாதத்தில்தான் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியைக் காலி செய்து வவுனியாவுக்குப் போனார்கள். வன்னிக்குள் மிஞ்சிய வெளியுலகத் தொடர்பில் பெரும்பகுதி மருத்துவமனைகளின் செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக நடந்தது.

வரதராஜா அப்போது முல்லைத்தீவு மாவட்டச் சுகாதாரப் பணிப்பாளர். அதற்கு முன் 2006-இன் கடைசியில், கிழக்கே வாகரை முற்றுகையில் இருந்தபோது அங்குள்ள மருத்துவமனையில் பணியாற்றினார். ஆக, 30 மாத இடைவெளிக்குள் இரண்டு முற்றுகைகள். இரண்டிலும் அவர் செய்த வேலை ஒன்றுதான். வந்த காயக்காரர்களைப் பார்ப்பது, எத்தனை பேர் என்று குறித்துவைப்பது, கேட்டவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்வது. முதலாவது அவரை மருத்துவராக்கியது. மூன்றாவது அவரை அகதியாக்கியது.

இடத்தின் அளவைப் பார்ப்போம். இலங்கை அரசு 2009 ஜனவரி 20-இல் அறிவித்த முதல் 'பாதுகாப்பு வலயம்' 35.5 ச.கி.மீ. பிப்ரவரி 12-இல் அறிவித்த இரண்டாவது, கடலோரத் துண்டு, 14 ச.கி.மீ. மே 8-இல் அறிவித்த மூன்றாவது 2 கி.மீ. நீளம், 1.5 கி.மீ. அகலம், அதாவது 3 ச.கி.மீ. மூன்றரை மாதத்தில் 91.5 விழுக்காடு சுருக்கம். ஏப்ரல் கடைசியில் உள்ளே 1,27,177 பேர் இருப்பதாக ஐ.நா. கணக்கிட்டது. 14 ச.கி.மீ. முழுவதும் மக்கள் கையில் இருந்ததாகவே வைத்தாலும் (உண்மையில் அதற்குள் பெரும்பகுதி ராணுவத்தின் வசமாகிவிட்டது) ச.கி.மீட்டருக்கு 9,084 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அடர்த்தி 555. 16 மடங்கு, கூரையில்லாமல்.

அதே ஏப்ரல் கடைசியில் அரசு சொன்ன எண் அதிகபட்சம் 10,000. ஐ.நா. எண் அதைப் போல 12.7 மடங்கு. பிப்ரவரியில் அரசு சொன்னது 70,000. வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணினாலே 2,90,000. எழுபதாயிரத்துக்குக் கணக்கிட்டு அரிசியும் மருந்தும் அனுப்பினால் 100 பேருக்கு 24 பேரின் பங்குதான் போகும். மக்கள்தொகையைக் குறைத்துச் சொல்வது பிரசாரம் மட்டுமன்று; அது பண்டகசாலைக் கணக்கு. மயக்க மருந்துக் குப்பியும் ஆன்டிபயாடிக்கும் தலையெண்ணிக்கையைப் பார்த்துத்தான் கப்பலேறும்.

மருத்துவமனைகள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. வள்ளிபுனம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் 500-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகள் இருந்த நேரத்தில், ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரையான 7 நாளில், குறைந்தது 9 நேரடித் தாக்குதல்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது. நாளொன்றுக்கு 1.3. 2008 டிசம்பர் முதல் 2009 மே தொடக்கம் வரை நிரந்தர, தற்காலிக மருத்துவமனைகள் மீது சுமார் 30 தாக்குதல்கள் என்பது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கு. இடம் மாறும்போதெல்லாம் மருத்துவமனையின் புவியிட எண்கள் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ராணுவத்துக்குத் தரப்பட்டன. குண்டு விழாமல் இருப்பதற்காகத் தரப்பட்ட எண்கள் அவை. தந்த பிறகும் விழுந்தது. விடுதலைப் புலிகள் தரப்பையும் நிபுணர் குழு விட்டுவைக்கவில்லை: மக்களை வெளியேற விடாமல் தடுத்தது, தப்ப முயன்றவர்களைச் சுட்டது, மக்கள் கூடியிருந்த இடங்களுக்கு அருகே பீரங்கி வைத்தது ஆகியவை அதே அறிக்கையில் உள்ளன.

வார்டின் உள்நிலையை ஒரு விவரம் சொல்லும். புதுமாத்தளனில் மருத்துவமனை என்பது ஒரு பள்ளிக் கட்டடமும் அதைச் சுற்றிய தார்ப்பாய்களும். ரத்த வங்கி கிடையாது. காயத்திலிருந்து வடியும் ரத்தத்தைப் பிடித்து, துணியில் வடிகட்டி, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றினார்கள். கை கால் அகற்றுவதற்குச் சில நேரம் இறைச்சிக் கத்தி பயன்பட்டது. மார்ச் 16 தேதியிட்டு வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்கு எழுதிய கடிதத்தில், முந்தைய இரண்டு மாதத்தில் மருத்துவமனையிலேயோ வரும் வழியிலேயோ 500-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாகவும், அடிப்படை வசதியும் மருந்தும் இருந்திருந்தால் பெரும்பாலான சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்றும் கூறினார்கள். கவனிக்க வேண்டியது 500 என்ற எண்ணின் எல்லை. மருத்துவமனை வாசலை எட்டியவர்கள் மட்டுமே அதில் அடக்கம். பதுங்குகுழியிலேயே முடிந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வாசலை எட்டியவர்களின் கணக்கு பின்னாளில் பெரிய பயன் தந்தது. இறுதிக்கட்டத்தில் வன்னி மருத்துவப் பணியாளர்கள் செய்த அறுவை சிகிச்சைகள் சுமார் 40,000, உறுப்பு அகற்றல்கள் 5,000 என்று நிபுணர் குழுவின் 2011 மார்ச் அறிக்கை ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. இறுதிக்கட்டத்தை ஜனவரி 1 முதல் மே 15 வரை என்று எடுத்தால் 135 நாள். நாளொன்றுக்கு 296 அறுவை, 37 உறுப்பு அகற்றல். ஐந்து மருத்துவரால் மட்டும் ஆகக்கூடிய வேலையன்று இது. புலிகளின் மருத்துவப் பிரிவும் தாதியரும் தொண்டர்களும் சேர்ந்துதான் செய்திருக்க முடியும். குழு இதிலிருந்து ஒரு கணக்குக்கு வழி காட்டியது. ஒரு சாவுக்கு 2 அல்லது 3 காயம் என்பது வழக்கமான விகிதம். 45,000-ஐ 3-ஆல் வகுத்தால் 15,000. 2-ஆல் வகுத்தால் 22,500. அதாவது கத்தியைப் பிடித்தவர்களின் எண்ணிலிருந்தே இறந்தவர்களின் எண்ணைப் பின்னோக்கிப் பிடிக்கலாம்.

காயக்காரர்களில் ஒரு பகுதியைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் வெளியே கொண்டுபோயின. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை 89 நாளில், துணைக்குப் போனவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பேர். நாளுக்கு 157. கப்பல் ஒவ்வொரு நாளும் வரவில்லை. வந்த அன்று யாரை ஏற்றுவது, யாரை மணலில் விடுவது என்ற தேர்வு மருத்துவர்களின் தலையில்.

இப்போது அவர்கள் சொன்ன எண்களும் மற்றவர்கள் சொன்ன எண்களும். மார்ச் 13-இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவநீதம் பிள்ளை, ஜனவரி 20-க்குப் பின் 2,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கலாம், 7,000-க்கும் மேற்பட்டவர்கள் காயம் என்றார். ஏப்ரல் 20 வரை 6,432 சாவு, 13,946 காயம் என்று ஐ.நா.வின் உள் ஆவணம் ஒன்று வெளியே கசிந்தது. மே 13 வரை, 2008 ஆகஸ்டிலிருந்து, 7,721 சாவு, 18,479 காயம் என்பது ஐ.நா. நாட்டுக் குழுவின் கடைசி எண். காயத்துக்கும் சாவுக்கும் உள்ள விகிதம் முறையே 2.5, 2.17, 2.39. மூன்று தேதிகளிலும் 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்கிறது. புனைந்த எண்கள் இப்படி ஒழுங்காக நடந்துகொள்வது அரிது. இந்தத் தொகுப்புக்குத் தகவல் தந்த மூலங்களில் மருத்துவமனைகளும் அடக்கம். இதே மருத்துவர்கள்தான் பி.பி.சி.க்கும் ஏ.பி.க்கும் தொலைபேசியில் பேசியவர்கள்.

மே 15 அன்று ஐவரும் முள்ளிவாய்க்காலை விட்டு வெளியேறினார்கள். வரதராஜா காயம்பட்டிருந்தார். ராணுவம் அவர்களைப் பிடித்துக் கொழும்பில் தடுப்புக் காவலில் வைத்தது. ஜூலை 8 அன்று, காவலில் 54 நாள் கழிந்த பின், ஐவரையும் பத்திரிகையாளர் முன் உட்காரவைத்தார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை இறந்தவர்கள் அதிகபட்சம் 750 என்றார்கள். முன்பு சொன்னவை புலிகளின் அழுத்தத்தில் சொன்னவை என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிணை கிடைத்தது. கிட்டத்தட்ட அதே ஜனவரி-ஏப்ரல் காலத்துக்கு ஐ.நா.வின் எண் 6,432. 750-ஐப் போல 8.6 மடங்கு. கடிதத்தில் அவர்களே எழுதிய 500, மருத்துவமனைக்குள்ளும் வரும் வழியிலும் மட்டும், மார்ச் நடு வரை மட்டும். போர் உச்சத்துக்குப் போன மீதி ஒரு மாதத்தில், மருத்துவமனைக்கு வெளியே நடந்ததையும் சேர்த்து, 250 மட்டுமே கூடியதாக 750 நம்மை நம்பச் சொல்கிறது.

வரதராஜா பின்னர் அமெரிக்காவில் தஞ்சம் பெற்றார். அங்கிருந்து, காவலில் இருந்தபோது சொன்னது கட்டாயத்தில் சொன்னது, போர்முனையிலிருந்து சொன்னதே உண்மை என்று அறிவித்தார். தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார். இப்படி ஒரே மனிதரின் வாயிலிருந்து இரண்டு கணக்குகள் நம்மிடம் உள்ளன. ஒன்று ஷெல் அடிக்கு நடுவே சொன்னது, மற்றது காவலர் நடுவே சொன்னது. எதை நம்புவது என்பதற்கு அவருடைய நல்லெண்ணத்தை அளக்க வேண்டியதில்லை. மூன்றாம் கணக்குகளோடு ஒட்டிப் பார்த்தால் போதும்.

மூன்றாம் கணக்குகள் இவை. நிபுணர் குழு, 2011: 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை நம்பத்தக்க மதிப்பீடாக ஏற்றது. ஐ.நா. தன் செயல்பாட்டைத் தானே ஆராய்ந்த பெட்ரி அறிக்கை, 2012 நவம்பர்: 70,000-க்கும் மேல் கணக்கில் வராதவர்கள் இருக்கலாம் என்ற தகவலைக் குறித்தது. இலங்கை அரசின் புள்ளிவிவரத் துறை, 2012 பிப்ரவரி: வடமாகாணத்தில் இறுதிப்போரில் சுமார் 9,000 பேர், போராளிகளையும் சேர்த்து. பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்ற இடத்திலிருந்து அரசுத் துறையே 9,000-க்கு வந்துசேர மூன்று ஆண்டு பிடித்தது. அந்த 9,000-கூட 750-ஐப் போல 12 மடங்கு. காலவரையறையும் போராளிகள் சேர்க்கையும் வேறு என்பதால் நேர் ஒப்பீடு செய்யக் கூடாது. ஆனால் 750 தனித்து நிற்கிறது. அரசின் சொந்த எண்ணும் அதற்குத் துணை வரவில்லை.

இந்த வரிசையில் மிக எளிய கணக்கு மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரி 8 அன்று அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது. வெறும் கழித்தல். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பதிவின்படி, 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679. இவர்கள் அனைவரும் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. என்ன ஆனார்கள் என்று கேட்டார். முதல் எண் அரசு அலுவலகத்திலிருந்தும் இரண்டாவது ஐ.நா.விடமிருந்தும் வந்தவை. கச்சேரிப் பதிவில் இரட்டைப் பதிவு இருந்திருக்கலாம், வேறு வழியில் வெளியேறியவர்கள் இருந்திருக்கலாம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மிச்சம் பூஜ்யத்துக்கு வருவது கடினம்.

மகனைக் காப்பாற்ற முடியாத மருத்துவரின் கணக்கு வேறு வகை. திருகோணமலை மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன். 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலை அருகே நின்ற 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மனோகரனின் மகன் ரஜீகர். மாணவர்கள் தாங்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பது முதலில் சொல்லப்பட்ட விளக்கம். பிரேதப் பரிசோதனை துப்பாக்கிச் சூடு என்றது. சூட்டுக் காயங்கள் தெரியும்படி உடல்களைப் படமெடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் 22 நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, சுட்டுக் கொல்லப்பட்டார். மனோகரன் சாட்சி சொன்னார், மிரட்டல் வந்தது, மனைவி மக்களோடு நாட்டை விட்டு வெளியேறினார். அதன் பின் ஜெனீவாவிலும் மற்ற இடங்களிலும் ஒரே வழக்கைப் பேசுவதே அவருடைய வெளியுலக வாழ்க்கை ஆயிற்று. 2013 ஜூலையில் சிறப்பு அதிரடிப் படையினர் 12 பேரும் காவல் அதிகாரி ஒருவரும், ஆக 13 பேர், கைதானார்கள். 2019 ஜூலை 3 அன்று போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரும் விடுதலை. சம்பவத்திலிருந்து தீர்ப்பு வரை 13 ஆண்டு 6 மாதம். முக்கிய சாட்சிகள் நாட்டுக்கு வெளியே அகதிகளாக இருந்தார்கள் என்பது 'போதிய சாட்சியம் இல்லை' என்ற சொற்களுக்குள் அடங்கியிருக்கும் ஒரு காரணம்.

அகதி மருத்துவர் என்பவர் தமிழுக்கு மட்டும் உரியவர் அல்லர். வியட்நாமிலிருந்து 1975-க்கும் 1995-க்கும் இடையே அண்டை நாடுகளில் போய் இறங்கியவர்கள் 8,39,228 பேர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. அதில் 7,96,310 பேர், 94.9 விழுக்காடு, கடல் வழி. தரைவழி தாய்லாந்துக்குப் போனவர்கள் 42,918 மட்டும். அதே காலத்தில் மூன்றாம் நாடுகள் குடியேற்றிக்கொண்ட வியட்நாமியர் 7,54,842. வந்தவர்கள் தொகையில் இது 90 விழுக்காட்டுக்குச் சமம். அமெரிக்கா 4,24,590 (56.2 விழுக்காடு), ஆஸ்திரேலியா 1,10,996, கனடா 1,03,053. இந்த மூன்று நாட்டு மருத்துவமனைகளிலும் இன்று வியட்நாமியப் பெயர்ப் பலகைகள் தொங்குவதற்கு இந்த எண்களே அடிப்படை. நாடு ஏற்றுக்கொண்டது, குடியுரிமை தந்தது, அதன் பின் தேர்வெழுதி உரிமம் வாங்க வழி இருந்தது. ஒரு தலைமுறைக்குள் அகதி என்ற சொல் உதிர்ந்தது.

கம்போடியாவின் கணக்கு அவ்வளவு இதமானதன்று. க்மேர் ரூஷ் ஆண்டது 3 ஆண்டு 8 மாதம் 20 நாள். அதற்கு முன் இருந்த சுமார் 500 மருத்துவர்களில் 50-க்கும் குறைவானவர்களே எஞ்சினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எஞ்சியவர்களில் ஒருவர் ஹைங் நோர், மகப்பேறும் அறுவையும் தெரிந்தவர். படித்தவர் என்று தெரிந்தால் உயிர் போகும் என்பதால் மருத்துவர் என்பதை மறைத்தார். மனைவி பிரசவத்தில் சிக்கி இறந்தபோதும் கத்தியை எடுக்க முடியவில்லை. 1980-இல் அமெரிக்கா போனார். அங்கே அவர் மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. அகதிகளுக்கு வேலை தேடித் தரும் ஆலோசகராக இருந்தார். 'த கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் நடித்ததற்கு 1985-இல் ஆஸ்கர் பெற்றார். 1996 பிப்ரவரி 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்கர் கிடைப்பது எளிதாகவும் மருத்துவ உரிமம் கிடைப்பது கடினமாகவும் இருந்த வாழ்க்கை என்று சொன்னால் அது அவ்வளவு மிகையில்லை. பொது மருத்துவத்துக்கு உரிமத் தேர்வுகள் முடித்த பிறகும் அமெரிக்காவில் 3 ஆண்டு உறைவிடப் பயிற்சி. நாற்பது வயது அகதிக்கு இந்த 3 என்பது பெரிய எண்.

தமிழ்நாட்டின் பேரேட்டைத் திறப்போம். 1963 முதல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டவர்கள் 1,44,445 பேர். சைகோன் வீழ்ந்த 1975-க்குப் பின் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் சுமார் 2,000. இவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். 1983 ஜூலை முதல் 2010 வரை இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 3,04,269. அவர்களில் 2021 ஆகஸ்டில் இங்கு மிஞ்சியிருந்தவர்கள், 29 மாவட்டங்களின் 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர், மொத்தம் 92,909. முகாமில் பிறந்தவர்களும் இதில் அடக்கம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பெயர் சொன்ன 3 நாடுகளில் இலங்கை இல்லை. வியட்நாமியருக்குக் கிடைத்த 90 விழுக்காடு போன்ற எந்த எண்ணும் இந்தப் பேரேட்டில் கிடையாது.

2021 ஆகஸ்ட் 27-இல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்த திட்டம் 317.40 கோடி ரூபாய். முகாம்வாசி ஒருவருக்கு 53,959 ரூபாய். இதில் 231.54 கோடி, 73 விழுக்காடு, 7,469 வீடுகளுக்கு. வீடு ஒன்றுக்கு 3.10 லட்சம் ரூபாய். குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000, சிறுவர்களுக்கு 400-லிருந்து 500. கல்விக்கும் ஒதுக்கீடு உண்டு: பொறியியல் மாணவர் 50 பேருக்கு முழுக் கட்டணம், வேளாண்மை மாணவர் 5 பேருக்கும் அவ்வாறே. மருத்துவத்துக்கு இப்படித் தலையெண்ணிக்கை குறிக்கப்படவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அகதி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் தனி இடங்கள் தரப்பட்டன. 1991-இல் அது நின்றது. கூரை மாற்றிக் காரை போட்டது நல்ல செலவுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 40 ஆண்டு முகாம் வாழ்க்கையில் அரசு கட்டிய வீட்டை எண்ண முடிகிறது. உருவாகாமல் போன மருத்துவர்களை எண்ண எந்தத் தலைப்பும் இல்லை.

ஒரு மருத்துவர் வந்தால் மலையில் என்ன மாறும் என்பதற்கு ஜவ்வாதுக்குத் தெற்கே ஓர் அளவு இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், ஜவ்வாதில் உள்ளது போலவே மலையாளிப் பழங்குடியினர் நடுவே, மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அங்கே சிசு மரணம் 1,000 பிறப்புக்கு 147. பிற்காலத்தில் அது ஏறத்தாழ 20. வித்தியாசம் 127. முழுப் பெருமையும் இருவருக்கே என்று எழுத முடியாது. அந்த 30 ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரியும் இறங்கியது, சாலை வந்தது, அவர்கள் பயிற்றுவித்த பழங்குடிப் பெண்கள் தாதியராக நின்றார்கள். பாதியை மட்டும் அவர்கள் கணக்கில் வைத்தாலும் 1,000 பிறப்புக்கு 63 குழந்தைகள்.

வரதராஜாவைப் போல் முற்றுகைக்குள் பல மாதம் அறுவை செய்த ஒருவர், அமெரிக்காவுக்குப் போகாமல் 30 கி.மீ. கடலைத் தாண்டி ராமேசுவரத்தில் இறங்கியிருந்தால் ஜவ்வாது மலைக்கு அந்த 63-இல் எத்தனை கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும். விடை பூஜ்யம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வை எழுத இந்தியக் குடியுரிமையோ கடல்கடந்த இந்தியர் அட்டையோ வேண்டும். முகாம் அட்டை இரண்டும் அன்று. வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தற்காலிகப் பதிவு தரச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு அவர் தம் சொந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அந்தச் சான்றை அவர் எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதன் மருத்துவ மன்றத்துக்கு எழுதித்தான் பெற வேண்டும்.